அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை இல்லை

சென்னைப் பாரிமுனைக்கு அருகே அரண்மனைக்காரன் தெரு என்றொரு தெரு உண்டு. செவ்வாய்க்கிழமைதோறும் கோடி அற்புதராம் புனித அந்தோனியாரை நாடி அங்குள்ள இணைப் பேராலயத்துக்குச் செல்லும் அன்பர்கள் அதனை நன்கறிவர். தெருவின் இரு கோடிகளுக்கும் நடந்து பார்த்தாலும் அரண்மனை எதுவும் கண்ணில் படாது. ஆர்மீனியர் வாழ்ந்த தெரு அது. 'ஆர்மீனியன்' என்னும் சொல் தமிழ் நாவில் புரண்டு புரண்டு 'அரண்மனைக்காரன்' ஆயிற்று. மயிலையில் பேருந்து நடத்துநர் 'லஸ், லஸ்' என்று குரல் கொடுக்கும்போது, போர்த்துக்கீசிய மொழியில் தாம் 'ஒளி, ஒளி' என்று கூவுவதை அவர் அறியார். காட்டுக்கோயில் என்று நம் முன்னோர் அழைத்த பிரகாச மாதா ஆலயத்தின் பெயர் அது. பரங்கிமலை என்பதிலும் ஒரு பரங்கி ஒளிந்திருக்கிறான். பவளக்காரத் தெரு இன்னொன்று. கோல்கொண்டாவின் வைரத்துக்கு ஈடாக மத்தியதரைக் கடலின் பவளத்தைச் சென்னைக்கு வரவழைத்தோருள் யூத வணிகர் முன்னின்றனர்.

நாம் பொறுப்பேற்றிருக்கும் பங்கு இந்நகரின் பழம்பகுதி ஒன்றில் உள்ளது. 1639-ஆம் ஆண்டு ஆங்கிலக் கும்பினிக்கு இக்கடற்கரையில் இடம் வழங்கப்பட்டதை நினைவுகூர்ந்து, ஆகஸ்டு 22-ஆம் நாளைச் சென்னை நாளாகக் கொண்டாடும் வழக்கம் 2004 முதல் இருந்துவருகிறது. 2019-இல் மறைந்த வரலாற்றாளர் எஸ். முத்தையா அதைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அக்கொண்டாட்டத்தின் சொற்பொழிவுகள் பலவும் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றன. வரலாறு நிகழ்ந்த தெருக்களிலேயே குடியிருக்கும் நம் மக்களின் செவிக்கு அவை எட்டுவதில்லை. ஆகவே நம் அன்பிய இளைஞர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். ஆறு சனிக்கிழமைகள், மாலைத் திருப்பலிக்குப் பின், பங்கு மண்டபத்தில், எளிய தமிழில், எல்லாச் சமயத்தாரையும் அழைத்து நகரின் கதையைப் பேசலாமே என்றார்கள். தேநீரும் சுண்டலும் வின்சென்ட் தே பால் சபையார் பொறுப்பு. முதல் மாலை நாற்பது பேர் வந்தனர். நான்காம் மாலை நாற்காலிகள் போதாமல், மறைக்கல்வி வகுப்பின் பெஞ்சுகளைத் தூக்கிவர நேர்ந்தது.

முதல் மாலை ஆர்மீனியருக்கு உரியதாயிற்று. கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் வணிகர் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டியதையும், பரங்கிமலைக்குத் திருப்பயணிகள் ஏறப் படிகள் அமைத்ததையும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சுவைபடச் சொன்னார். மறைமலையடிகள் பெயரைத் தாங்கிய பாலம் இன்று அவ்விடத்தில் நிற்கிறது.

ஆயினும் நம் மனத்தைப் பிடித்துக்கொண்டவர் வேறொருவர். அருள்தந்தை ஹாரூத்யூன் ஷ்மாவோனியான் என்பது அவர் பெயர். பாரசீகத்தின் ஷிராஸ் நகரைச் சேர்ந்தவர். ஆர்மீனியத் திருச்சபையில் மணமானவரும் பங்குக் குருவாகலாம். இரு புதல்வர்களை அடுத்தடுத்துப் பறிகொடுத்து, அத்துயரோடு சென்னைக்கு வந்து, இங்குள்ள ஆர்மீனியருக்குக் குருவாகப் பணியேற்றார். 1794-ஆம் ஆண்டு அக்டோபரில் 'அஸ்தரார்' என்னும் மாத இதழைத் தொடங்கினார். ஆர்மீனிய மொழியில் உலகில் எங்கும் வெளிவந்த முதல் இதழ் அதுதான். தாயகத்தில் அன்று; நம் சென்னையில்! 1796-இல் அது நின்றுபோயிற்று. சந்தாதாரர் மிகச் சிலரே. இத்தகைய இதழை நடத்துகிறவர்களும் அதற்கு எழுதுகிறவர்களும் அக்குருவின் பாட்டை உணர்வார்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறோம். 1824-இல் இறந்த அவருடைய கல்லறை அரண்மனைக்காரன் தெருவின் ஆர்மீனிய ஆலய வளாகத்தில் இருக்கிறது. அவ்வாலயத்தின் மணிகளுள் ஒன்றில் தமிழ் எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. மறுநாளே நம் பீடச் சிறுவர்கள் சிலர் அவ்வாலயத்துக்குப் போய் வந்தார்கள் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தோம்.

இரண்டாம் மாலையில் மாநகராட்சியின் கதை. 1688-ஆம் ஆண்டு செப்டம்பர் 29, அதிதூதர் மிக்கேல் திருநாளன்று சென்னை மாநகராட்சி தொடங்கியது. அதன் முதல் அவையில் ஆங்கிலேயரோடு பிரெஞ்சுக்காரரும், போர்த்துக்கீசியரும், யூதரும், இந்து வணிகரும் அமர்ந்திருந்தனர். கேட்போர் கைதட்டினார்கள். நமக்கோ அக்கைதட்டல் சற்று முந்திவிட்டதாகவே தோன்றிற்று. அதே ஆண்டுகளில் இத்துறைமுகத்திலிருந்து பஞ்சத்தால் நலிந்த ஏழைகள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். நகரமே வெள்ளையர் பட்டணம், கறுப்பர் பட்டணம் என்று பிரிந்து கிடந்தது. பிரெஞ்சுக்காரரிடம் மூன்றாண்டு சிக்கியிருந்த சென்னையை 1749-இல் மீளப் பெற்ற ஆங்கிலேயர், எதிரிக்குத் துணைபோனவர்கள் என்ற ஐயத்தால் கத்தோலிக்கருக்கும் ஆர்மீனியருக்கும் கோட்டைக்குள் இடமில்லை என்றார்கள். கோட்டைக்குள் கப்புச்சின் துறவியர் கட்டியிருந்த புனித அந்திரேயா ஆலயமும் இடிக்கப்பட்டது. பல மக்கள் ஒன்றாக வாழ்ந்த நகர் என்று நாம் பெருமை பேசும்போது, எந்த விலைக்கு, எவர் தயவில் என்பதையும் சேர்த்தே பேசவேண்டும். அடுத்த மாலைகளில் அவ்வாறே பேசுமாறு உரையாளர்களை வேண்டிக்கொண்டோம்.

அந்த ஆலயத்தைக் கட்டிய எப்ரேம் தெ நெவேர் அடிகளைப் பற்றியதே மூன்றாம் மாலை. பிரெஞ்சுக் கப்புச்சின் துறவியான அவர் பர்மாவின் பெகு நாட்டுக்குப் போகும் வழியில் 1642-இல் சென்னைக்கு வந்தார். ஆங்கிலேயர் வேண்டிக்கொள்ள இங்கேயே தங்கினார். ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கும் போர்த்துக்கீசியப் பிள்ளைகளுக்கும் கட்டணமின்றிப் பள்ளி நடத்தினார். 1649-இல் சாந்தோமில் அவரைப் பிடித்துக் கோவாவுக்கு அனுப்பி, சமய விசாரணை மன்றத்தின் சிறையில் அடைத்தவர்கள் யார் தெரியுமா? அவருடைய சொந்தத் திருச்சபையைச் சேர்ந்த போர்த்துக்கீசியரே. அவர் விடுதலை பெறுவதற்கு கோல்கொண்டாவின் இசுலாமிய அரசு கொடுத்த நெருக்கடியும் ஒரு காரணமாயிற்று. கத்தோலிக்கக் குரு ஒருவரைக் கத்தோலிக்கர் சிறையிலிட்டனர். சீர்திருத்தச் சபை ஆங்கிலேயரும் இசுலாமிய அரசும் அவருக்காகப் பரிந்தனர். மீண்டு வந்த அவர் முதுமை வரை சென்னையிலேயே பணியாற்றினார். அன்று மண்டபத்தில் இருந்த பள்ளிவாசல் இமாம், 'அடிகளார் கசப்போடு ஏதும் எழுதி வைத்திருக்கிறாரா?' என்று கேட்டார். நல்ல கேள்வி. திரும்பி வந்து பள்ளியைத் தொடர்ந்து நடத்தினார் என்பதையே நாம் விடையாகச் சொன்னோம்.

நான்காம் மாலை மயிலையும் சாந்தோமும். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பேசி முடித்ததும், முன்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்தார். மயிலையில் பிறந்தவர்; ஓய்வுபெற்ற தமிழாசிரியர்; மாதவப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பேருந்தேறி வந்தவர். 'ஃபாதர், கபாலீசுவரர் கோயில் முன்னே கடற்கரையில் இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது எப்படிப் போயிற்று? உங்கள் வாயால் கேட்க விரும்புகிறேன்' என்றார். குரலில் சினம் இல்லை. மண்டபம் அடங்கிப் போயிற்று. நேரம் கடந்துவிட்டிருந்தது, அடுத்த வாரம் முழுமையாகப் பேசுகிறோம் என்று உறுதி கூறினோம்.

அந்த ஒரு வாரத்தில் நம்மைத் தேடி வந்தவர்கள் பலர். அவர்களுள் துறைமுகத்தில் உழைத்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர். பங்குப் பேரவையில் நெடுங்காலம் இருந்தவர். நம்மைவிட இருபது வயது மூத்தவர். 'சாமி, சும்மா கிடக்கிற சங்கை எதுக்கு ஊதணும்? நாட்டு நிலைமை உங்களுக்குத் தெரியாததா? நாம சொன்னதை நாளைக்கு நமக்கே திருப்பி வைப்பாங்க. கோயில் சுவரைக் காவல் காக்கப் போறது நீங்களா? உங்களை மாத்திடுவாங்க, நாங்கதானே இங்க இருக்கணும்' என்றார். அவருடைய அச்சத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. பழைய காயங்களைக் கிளறிப் புதிய வன்முறைக்கு வழி தேடுவோர் நம்மிடையே உண்டு. பங்குத்தந்தை ஐந்தாண்டில் மாறிப் போவார் என்பதும் உண்மையே.

எனினும் பேசினோம். 16-ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் போர்த்துக்கீசியர் மயிலைக் கடற்கரையில் குடியேறினர். சாந்தோம் ஆலய வளாகத்தில் பழைய கோயிற் கற்களின் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்துள்ளன. 1559-இல் விஜயநகரத்து இராமராயர் சாந்தோம்மீது படையெடுத்து வந்தபோது, கோயில்கள் இடிக்கப்படுகின்றன என்ற முறையீடும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. கடற்கோள்தான் பழைய கோயிலைக் கொண்டது என்பாரும் உளர். அறிஞரிடையே வாதம் தீரவில்லை. ஆனால் பழி முழுவதையும் கடலின்மேல் ஏற்றிவிட்டுப் பிலாத்துவைப்போல் நாம் கைகழுவ இயலாது. அதே வேளையில், அக்கரையில் திருமுழுக்குப் பெற்ற மீனவரும் எளியோரும் எதையும் இடித்தவர்கள் அல்லர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் கணக்குக் கேட்பதும் அறமாகாது. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொன்னோம். 2000-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புனித பேதுரு பேராலயத்தில், பிற மக்களின் பண்பாடுகளுக்கும் சமயங்களுக்கும் எதிராகத் திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். தலைமைப் பீடத்தில் சொல்லத்தக்கது பங்கு மண்டபத்தில் சொல்லத்தகாததா?

தமிழாசிரியர் எழுந்து, 'இதைக் கேட்கத்தான் வந்தேன் ஃபாதர். வழக்காட வரவில்லை' என்று சொல்லி அமர்ந்தார். இளைஞர் ஒருவர் மட்டும் சற்றுச் சூடாக, அப்படியானால் கல்வெட்டுகளை எவரிடம் ஒப்படைப்பது என்று கேட்டார். அது தொல்லியல் அறிஞரும் அரசும் மறைமாவட்டமும் கலந்து பேசவேண்டியது என்றோம். அவ்விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. துறைமுகத்து முதியவர் அன்று மண்டபத்துக்கு வரவில்லை. ஞாயிறு திருப்பலிக்கு வந்தார், வழக்கம்போல் கைகூப்பினார், ஒன்றும் பேசவில்லை. இன்றுவரை அவர் நம் கருத்தை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆறாம் மாலைக்கு 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பியோரின் குடும்பங்களை அழைத்திருந்தோம். அவர்கள் பிழைப்புக்காக உருவான பர்மா பஜாரையும் அத்தோ கடைகளையும் பற்றிக் கேட்கச் சிறுவர் கூட்டம் அலைமோதியது. அன்று மண்டபத்தின் கடைசியில், சுவரோரமாக ஏழெட்டு இளைஞர்கள் நின்றிருந்தார்கள். சார்க்கண்டின் கும்லா, சிம்டேகா பகுதிகளிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். ஞாயிறு காலைத் திருப்பலியிலும் அவர்கள் அப்படியேதான் நிற்பார்கள். உட்காரச் சொன்னாலும், முன்பொருமுறை யாரோ எழுப்பிவிட்ட நினைவில் தயங்குவார்கள். அவர்களுள் ஒருவனைப் பேச அழைத்தோம். சவுகார்பேட்டையில் கணக்கெழுதும் நம் பங்கு மகள் ஒருத்தி அவன் இந்தியைத் தமிழில் சொன்னாள்.

தன் கொள்ளுத்தாத்தா காலத்தில் தங்கள் நிலத்தைப் பெரும்பண்ணையார் பறித்தபோது, பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவென்ஸ் நீதிமன்றத்தில் துணை நின்றாராம். 1885-இல் சோட்டாநாக்பூருக்கு வந்த அவராலேயே தங்கள் ஊரார் திருமறையில் சேர்ந்தார்களாம். வீட்டில் பேசுவது இந்தி அன்று, குடுக்கு என்றான். தமிழாசிரியர் நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். குடுக்கு திராவிட மொழிகளுள் ஒன்று என்பதை அவர் படித்திருக்கிறார், பேசக் கேட்டதில்லை. கண்ணுக்கு உங்கள் சொல் என்ன என்றார். 'ஃகன்' என்றான். பல்லுக்கு? 'பல்' என்றான். மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. கேட்பவரை விலக்கிச் சொல்வதற்கு ஒரு சொல், கேட்பவரையும் சேர்த்துச் சொல்வதற்கு ஒரு சொல் இருக்கிறதா என்று ஆசிரியர் விடாமல் கேட்டார். மொழிபெயர்த்த பெண் திணறினாள்; கையால் சைகை காட்டி விளங்கவைத்தார்கள். விலக்கினால் 'ஏம்', சேர்த்தால் 'நாம்' என்றான் அவன். சுவரோரம் நின்ற மற்றவர்களும் 'நாம், நாம்' என்று தலையசைத்தார்கள். யாரோ ஒரு பெஞ்சை அவர்கள் பக்கம் தள்ளினார்கள்.

மறுவாரப் பங்குப் பேரவையில், மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்களுக்கென்று இந்தியில் திருப்பலி நிறைவேற்றலாமா என்ற கேள்வி எழுந்தது. இந்தியில் என்பதற்கே சிலர் முகம் சுளித்தார்கள். மாலை நான்கு மணிதான் அவர்களுக்கு ஓய்வு. அந்நேரம் ஆலயத்தில் மறைக்கல்வி நடைபெறுகிறது. பிள்ளைகளை மண்டபத்துக்கு மாற்றினால் வெயிலில் வேகுமே என்று தாய்மார் முறையிடுகிறார்கள். மின்விசிறிகள் இன்னும் நான்கு வேண்டும் என்று துறைமுகத்து முதியவர் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அடுத்த கூட்டத்தில் பேசுவதாக வைத்திருக்கிறோம்.