தெலுக் ஆயர் தெருவில் ஒரு நண்பகல்



வெளிநாடு சென்று திரும்பியவரிடம் நாம் முதலில் கேட்பது, "என்னென்ன பார்த்தீர்கள்?" என்பதுதான். சிங்கப்பூர் சென்று வந்த என்னிடமும் பலர் கேட்டனர். வானளாவிய கட்டடங்களையும் தூய்மையான வீதிகளையும் பற்றிச் சொல்லி முடித்துவிடுவேன். அங்கே என் மகள் உதிர்த்த ஒரு சொல்லை மட்டும் எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

என் வீடு அடி அண்ணாமலையில் இருக்கிறது. திருவண்ணாமலையின் மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே உள்ள சிற்றூர் அது. நான் ஆசிரியன். எங்கள் பள்ளிக்கும் சிங்கப்பூரில் உள்ள ஒரு பள்ளிக்கும் இடையே மாணவர் பரிமாற்றம் ஏற்பாடாயிற்று. நம் பிள்ளைகள் ஒரு வாரம் அங்கே தங்கிப் பயில்வது, பின்னர் அவர்கள் இங்கே வருவது என்பது திட்டம். சென்ற மாணவர்களுள் ஒன்பதாம் வகுப்பில் பயின்ற என் மகளும் ஒருத்தி. துணைக்குச் சென்ற ஆசிரியர்களுள் நானும் ஒருவன்.

ஒரு நாள் முழுவதையும் ஊர் சுற்றிப் பார்க்க ஒதுக்கியிருந்தார்கள். காலையில், 1972ஆம் ஆண்டு முதல் அந்நகரின் அடையாளமாக நிற்கும் சிங்கத்தலை மீன் சிலையின் முன்னே படம் எடுத்துக்கொண்டோம். நண்பகல் நெருங்குகையில், அப்பள்ளியின் தமிழாசிரியை எங்களைத் தெலுக் ஆயர் தெருவுக்கு அழைத்துச் சென்றார்.

"இது ஒரு காலத்தில் கடற்கரை" என்றார் அவர். எங்கள் கண்ணுக்குக் கடலே தென்படவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண் கொட்டிக் கடலைத் தூர்த்து நிலமாக்கியதால், அலை தொட்ட தெரு இன்று நகரின் நடுவே நிற்கிறது. 1819இல் ஆங்கிலேயர் அங்கே வணிகத் தளம் அமைத்த சில ஆண்டுகளிலேயே, சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம்கள் வந்து இறங்கினார்கள். 1828 முதல் 1830 வரையிலான ஆண்டுகளில், நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் நினைவாக ஒரு கட்டடத்தை அத்தெருவில் எழுப்பினார்கள். ஆண்டகை அவர்கள் அடக்கமாகியிருப்பது நம் நாகூரில்தான். அங்கே இருப்பது நினைவிடமே. 1998இல் மூடப்பட்ட அக்கட்டடம் சீரமைக்கப்பட்டு, 2011இல் இந்திய முஸ்லிம் மரபு மையமாகத் திறக்கப்பட்டது.

தர்காக்கள் பற்றி நம்மிடையே நிலவும் கருத்து வேறுபாடுகளைப் பேசுவது என் நோக்கமன்று. கடல் கடந்து வந்த எளிய மனிதர்கள், தம் ஊரின் நினைவைக் கரையிலேயே கல்லும் சுண்ணாம்புமாக நட்டு வைத்திருக்கிறார்களே என்று வியந்து நின்றேன்.

அப்போதுதான், என் மகளுக்குத் தோழியாக அமைந்த சிங்கப்பூர் மாணவி கேட்டாள்: "நாங்கள் உங்கள் ஊருக்கு வரும்போது எங்களுக்கு என்ன காட்டுவாய்?"

என் மகள் சற்றே தயங்கினாள். பிறகு சொன்னாள்: "எங்கள் ஊரில் பெரிய கோயில் இருக்கிறது, மலை இருக்கிறது. ஆனால் எங்களுக்கென்று அங்கே ஒன்றும் இல்லை."

வாசகர்களே, பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி ஒரு பிள்ளை இப்படிச் சொன்னால் தந்தைக்கு எப்படி இருக்கும்! அவளைக் கடிந்துகொள்ள நா எழவில்லை. அந்தச் சொல்லை அவள் யாரிடமிருந்து கற்றாள் என்பது எனக்குத் தெரியும்.

தெருவில் தொடர்ந்து நடந்தோம். சில அடிகளிலேயே, கடற்பயணம் காத்த தெய்வத்துக்குச் சீனர்கள் 1842இல் கட்டி முடித்த தியான் ஹோக் கெங் ஆலயம். அதனையும் கடந்தால் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827இல் வெறும் குடிசையாகத் தொடங்கியதால் அதற்குக் 'குச்சுப் பள்ளி' என்றே பெயர். ளுஹர் தொழ நாங்கள் உள்ளே சென்றபோது, எங்கள் மாணவனான ஓர் இந்துப் பிள்ளை, "நீங்கள் தொழுதுவிட்டு வாருங்கள் ஐயா, செருப்புகளையும் பைகளையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாசலில் அமர்ந்துகொண்டான்.

தொழுது முடித்து வெளியே வந்து அவனைப் பார்த்ததும், என் அத்தாவின் நினைவு வந்தது.

பௌர்ணமிதோறும் என் அத்தா எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பெரிய மண்பானைகளில் தண்ணீர் நிரப்பி வைப்பார். வெறுங்காலுடன் மலையைச் சுற்றி வருவோர் எங்கள் திண்ணையில் அமர்ந்து தாகம் தீர்த்துச் செல்வார்கள். "தர்மங்களில் சிறந்தது எது?" என்று சஅத் பின் உபாதா (ரலி) அவர்கள் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தண்ணீரையே குறிப்பிட்டார்கள் என்பதையும், சஅத் (ரலி) தம் தாயாரின் பெயரால் கிணறு வெட்டியதையும் அத்தா அடிக்கடி சொல்வார். குடிப்பவர் எந்த மதத்தவர் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

அவர் மறைந்தபின் நான் பானை வைக்கவில்லை. கூட்டம் பெருகிவிட்டது, கடைகளில் பாட்டில் தண்ணீர் கிடைக்கிறது, இனி யாருக்குத் தேவை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பௌர்ணமி இரவுகளில் வெளிக்கதவைத் தாழிட்டு, "வெளியே போகாதே, கூட்டம்" என்று பிள்ளையை உள்ளே இருத்தினேன். அத்தா மறைந்தபோது என் மகள் கைக்குழந்தை. பானை வைத்த வாசலை அவள் கண்டதில்லை. தாழிட்ட கதவைத்தான் கண்டு வளர்ந்தாள். ஊரில் நமக்கென்று ஒன்றும் இல்லை என்று அவள் எண்ணியதில் வியப்பென்ன?

அன்றிரவு தங்கும் விடுதியில் அவளிடம் பாட்டனாரின் பானைகளைப் பற்றிச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தவள், "அந்தப் பானைகள் இன்னும் இருக்கின்றனவா அத்தா?" என்று மட்டும் கேட்டாள். ஒன்று உடைந்துவிட்டது, மற்றொன்று கொல்லையில் இருந்தது.

சில மாதங்களுக்குப் பின் சிங்கப்பூர் மாணவர்கள் வந்தார்கள். அந்த வாரத்திலேயே பௌர்ணமியும் அமைந்தது. பகலில் 217 அடி உயர இராசகோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். மாலையில் அத்தோழி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கழுவிய பழைய பானையும் புதிதாக வாங்கிய ஒன்றும் வாசலில் இருந்தன. மகரிப் தொழுதுவிட்டு நான் வெளியே வந்தபோது, இரு சிறுமியரும் மாறி மாறிக் குவளையில் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நடந்து வந்த ஒரு மூதாட்டி குடித்து முடித்து, திண்ணையை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த வீட்டில் முன்பெல்லாம் ஒரு பாய் தண்ணீர் வைப்பாரே!"

"அவர் என் பாட்டனார்" என்றாள் என் மகள். அவள் குரலில் இருந்த பெருமிதத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நம்மைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் இறைவன் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்பது திருமறையின் போதனை (49:13). அதற்குக் கடல் கடக்கவும் வேண்டும். வாசற்கதவைத் திறக்கவும் வேண்டும். உங்கள் ஊரில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று உங்கள் பிள்ளையிடம் இன்றே கேட்டுப் பாருங்கள். விடை எதுவாயினும், அது நீங்கள் கற்றுக்கொடுத்ததாகவே இருக்கும்.