கண்டிச் சேலையும் ஒரு கிரீடமும்

கண்டிக்கு முதன்முறை வருகிறவர்கள் தலதா மாளிகையைக் கும்பிட்டு, வாவியைச் சுற்றி ஒரு நடை நடந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நேரமிருக்கும் சகோதரிகள் அத்தோடு நின்றுவிடாமல் கடை வீதிகளுக்குள்ளும் போய்ப் பாருங்கள். யட்டிநுவர வீதி, கொழும்பு வீதி, டி.எஸ். சேனநாயக்க வீதி என்று நடந்தால் துணிக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் இடையே மணப்பெண் அலங்காரம் செய்யும் இடங்கள் கண்ணில் படும். கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகள் உடுத்தியிருப்பது 'ஒசரி' எனப்படும் கண்டிச் சேலை. நாம் கட்டுவது போன்ற சேலைதான். முந்தானை மட்டும் மடிப்புக் கலையாமல் தோளிலிருந்து நேராக விழும். இடுப்பைச் சுற்றி ஒரு சின்ன நெரிவு வெளியே தெரியும். மணப்பெண் என்றால் நெற்றியில் 'நளல்பட்ட', தலையில் சூரிய சந்திரர், கழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு மாலைகள். அந்த மாலைகளில் தொங்குவதைச் சிங்களத்திலும் 'பதக்கம' என்றுதான் சொல்கிறார்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் நாயக்க வம்சத்தவர்கள். அவர்களுக்குப் பெண் வந்தது மதுரைப் பக்கத்திலிருந்து. வாவியை வெட்டுவித்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அந்த வம்சத்தின் கடைசி அரசன். தலதா மாளிகைக்கு முன்னால், தண்ணீருக்குள் கால் வைத்தது போல நிற்கும் உல்பங்கே கட்டடம் அவன் காலத்து அரசிகள் நீராடிய மண்டபம் என்பார்கள். அந்த அரசிகளின் பெயர்களை எத்தனை பேர் அறிவோம்? உடையும் நகையும்தான் மிஞ்சியிருக்கின்றன.

இந்தக் கண்டி உடை இன்று உலகம் சுற்றுகிறது. ஸ்ரீலங்கன் விமானப் பணிப்பெண்கள் உடுத்தும் மயிலிறகுச் சேலையும் இந்தக் கட்டுத்தான். சர்வதேச அழகுராணிப் போட்டிகளில் 'தேசிய உடை' என்று ஒரு சுற்று உண்டு. இலங்கையிலிருந்து போகிற பெண்கள் அந்தச் சுற்றில் பெரும்பாலும் கண்டியின் சாயலோடுதான் மேடை ஏறுகிறார்கள். கொழும்புப் பெண்ணாக இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவளாக இருந்தாலும், உலகத்தின் முன்னால் போய் நிற்கும்போது அவள் கண்டி மணப்பெண்ணாகிவிடுகிறாள்.

இந்த மேடைகளோடு நம் நாட்டுக்கு இருக்கும் தொடர்பு பழையது. 'மிஸ் யுனிவர்ஸ்' 1952இல் அமெரிக்காவில் தொடங்கியது. மூன்று வருடம் கழித்து, 1955இல், மொரீன் ஹிங்கேர்ட் என்ற இலங்கைப் பெண் அதில் மூன்றாம் இடம் பெற்றார். பின்பு ஹொலிவூட் படங்களிலும் நடித்தார். 1973இல் அழகுராணியான சிராந்தி விக்கிரமசிங்க, பிற்காலத்தில் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் மனைவியாக நாடறிந்தவர். திருமணமான பெண்களுக்கென்று 1980களில் தொடங்கிய 'மிஸிஸ் வேர்ல்ட்' போட்டியின் முதல் பட்டம் ரோசி சேனநாயக்கவுக்குக் கிடைத்தது. அவர் பாராளுமன்றம் போய், பிறகு 2018இல் கொழும்பு மாநகரின் முதல் பெண் மேயரும் ஆனார். அழகுப் போட்டி பெண்களை எங்கும் கொண்டு சேர்க்காது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

போட்டி நடக்கும் விதம் பலருக்குத் தெரியாது. தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது கடைசி இரண்டு மணி நேரம். அதற்கு முன்னால் வாரக்கணக்கில் ஒரு ஹோட்டலில் தங்கவைத்து, காலை முதல் இரவு வரை நிகழ்ச்சிகள். மூடிய அறையில் நடுவர்களோடு நேர்முகம், மாலை உடுப்பில் நடை, பல போட்டிகளில் நீச்சல் உடையில் நடை, தேசிய உடை, ஆடல் பாடல் திறமை, சமூக சேவைத் திட்டம், அனுசரணையாளரின் விருந்து. கடைசி ஐந்தாறு பேரிடம் மட்டும் மேடையில் ஒரு கேள்வி கேட்கிறார்கள். உலக சமாதானத்துக்கு முப்பது நொடியில் வழி சொல்ல வேண்டும்! ஒவ்வொரு நாட்டிலும் ஒருவரோ ஒரு கம்பனியோ உரிமம் வாங்கி உள்நாட்டுப் போட்டியை நடத்துகிறார்கள். அதாவது இது ஒரு வியாபாரம். வியாபாரத்துக்கு விதிகள் உண்டு. அந்த விதிகள் பெண்ணின் வயது என்ன, உயரம் என்ன, கல்யாணமானவளா, பிள்ளை பெற்றவளா என்று கேட்கும். எதிர்ப்பு வந்தபோது விதிகள் மாறியும் இருக்கின்றன. 1996இல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது எழுந்த எதிர்ப்பினால் நீச்சல் உடைச் சுற்றை சீஷெல்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். 2014இல் அந்தச் சுற்றையே விட்டுவிடுவதாக அறிவித்தார்கள். மிஸ் யுனிவர்ஸ் 2023 முதல் திருமணமானவர்களையும் தாய்மாரையும் சேர்த்துக்கொண்டது.

2025 மே மாதம் உலக அழகிப் போட்டி ஹைதராபாத்தில் நடந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் வந்திருந்தார்கள். தெலுங்கானாவிலுள்ள ராமப்பா கோவிலுக்கு அவர்களை அழைத்துப் போனபோது, வாசலில் வரிசையாக உட்காரவைத்து, உள்ளூர்ப் பெண்கள் அவர்களுடைய பாதங்களுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். சிலர் துடைத்தும் விட்டார்கள். விருந்தோம்பல் என்றது ஒரு தரப்பு, அவமானம் என்றது இன்னொரு தரப்பு. அந்தக் காணொளியை நான் இரண்டு மூன்று முறை பார்த்தேன். உட்கார்ந்திருந்த சில பெண்களின் முகத்திலும் கூச்சம் தெரிந்தது போலத்தான் எனக்குப் பட்டது. இரு பக்கமும் பெண்கள். அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் படத்தில் இல்லை.

ஆனால் எங்கள் மலைநாட்டுப் பெண்கள் நெடுநாள் கதைத்த போட்டி அதுவல்ல. 2021 ஏப்ரல் 4ஆம் திகதி கொழும்பு தாமரைத் தடாக அரங்கில் நடந்த திருமதி இலங்கை அழகிப் போட்டிதான் அது. அதில் வென்றவர் புஷ்பிகா டி சில்வா. கிரீடம் சூட்டி முடிந்தபின், அப்போது மிஸிஸ் வேர்ல்ட் பட்டத்தை வைத்திருந்த கரோலின் ஜூரி ஒலிவாங்கியைப் பிடித்தார். விவாகரத்தானவர்கள் இந்தப் பட்டத்தைப் பெற விதியில்லை என்று சொல்லி, புஷ்பிகாவின் தலையிலிருந்து கிரீடத்தைக் கழற்றி, இரண்டாம் இடம் வந்தவருக்குச் சூட்டினார். கூந்தலோடு பின்னியிருந்த கிரீடம். இழுத்ததில் தலையில் காயம் என்று புஷ்பிகா பிறகு முறையிட்டார். அழுதுகொண்டே மேடையை விட்டு இறங்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. தான் விவாகரத்தானவள் அல்ல, பிரிந்து வாழ்பவள் மட்டுமே என்று அவர் சொன்னார். ஏற்பாட்டாளர்கள் விசாரித்து, மன்னிப்புக் கேட்டு, இரண்டு நாளில் கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஜூரி கைதாகிப் பிணையில் வந்தார். பின்னர் தன் உலகப் பட்டத்தையும் துறந்தார். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்குத் தன் கிரீடத்தைச் சமர்ப்பிப்பதாகப் புஷ்பிகா சொன்னது பல செய்திகளில் வந்தது.

அந்தச் சமயம் தோட்டங்களில் பேச்சு முழுவதும் சம்பளத்தைப் பற்றித்தான் இருந்தது. நாட் சம்பளம் 1000 ரூபாய் என்று முந்தைய மார்ச் மாதம் வர்த்தமானி வந்திருந்தது. அதற்குள்ளும் கைத்தொலைபேசியில் இந்தக் காட்சி லயத்துக்கு லயம் போனது. என்னிடம் பல பெண்கள் கேட்டது கிரீடத்தைப் பற்றியல்ல. "மிஸ், பிரிஞ்சிருக்கிறதும் விவாகரத்தும் வேறவேறயா?" என்பதுதான்.

வேறுவேறுதான். அதிலும் கண்டியில் இது ஒரு விசித்திரமான விஷயம். 1815இல் இராச்சியம் ஆங்கிலேயரிடம் போனாலும் கண்டிய வழக்கங்கள் முழுதாக அழியவில்லை. அதன் மிச்சமாக 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் இருக்கிறது. கணவன் பெண் வீட்டோடு வந்து இருக்கும் 'பின்ன' கலியாணத்தைக்கூட அது ஏற்கிறது. அந்தச் சட்டத்தில் பதிந்த கணவனும் மனைவியும் இருவரும் சம்மதித்தால், நீதிமன்றம் போகாமல் மாவட்டப் பதிவாளர் மூலமே விவாகத்தை முடித்துக்கொள்ளலாம். ஒரு வருடம் பிரிந்திருந்து, சேர்ந்து வாழ முடியாது என்று காட்டினாலும் அது ஒரு காரணம். இது கண்டியச் சிங்களவருக்கு மட்டும். கண்டியில் பிறந்து வளர்ந்தாலும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணுக்குப் பொருந்தாது. அவளுக்குள்ளது 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். அதில் காரணங்கள் மூன்றே. கலியாணத்துக்குப் பிறகு வேறு தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. ஒருவர் குற்றவாளி என்று மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். ஒரே பஸ்ஸில் வரும், ஒரே கடையில் சாமான் வாங்கும் இரண்டு பெண்களுக்கு இரண்டு வழிகள்.

வழக்குக்குப் போக நாள் வேலையை விட வேண்டும், பஸ் காசு வேண்டும், சட்டத்தரணிக்குக் காசு வேண்டும். ஆகவே அநேகர் போவதில்லை. கொழும்பில் வேலை என்று போனவன் வேறு குடும்பத்தோடு இருப்பான். இவள் கழுத்தில் தாலி இருக்கும், படிவத்தில் 'திருமணமானவர்' என்ற பெட்டியில் அடையாளம் இருக்கும். சமூகவியலில் அந்தஸ்து என்பது சமூகம் ஒருவருக்குக் கொடுக்கும் இடம் என்று படித்திருக்கிறோம். இவளுக்கு எந்த இடம்? திருமணமானவள், விதவை, விவாகரத்தானவள் என்ற மூன்று பெட்டிகளில் எதிலும் பொருந்தாமல், உதவிப் பணத்துக்கும் பிள்ளையின் பாடசாலை அனுமதிக்கும் போகும் ஒவ்வொரு கருமபீடத்திலும் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. புஷ்பிகாவுக்கு ஒரு மேடையில் நடந்தது இவளுக்கு மாதம் ஒருமுறை நடக்கிறது, கமரா இல்லாமல்.

அவர்கள் இருக்கும் பக்கத்தையும் பார்க்க விரும்பினால் கண்டியிலிருந்து தெல்தோட்டை பஸ்ஸில் ஏறுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நடுவே ஓடும் கலஹா வீதியில், பெரிய மரங்களின் நிழலில் போகும். ஹிந்தகலை தாண்டியதும் ஏற்றம். கலஹாவுக்கு மேலே லூல்கந்துர. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் முதன்முதலாகத் தேயிலையை வியாபாரமாகப் பயிரிட்ட இடம். அவர் பயன்படுத்திய கல் இருக்கையை உல்லாசப் பயணிகள் தேடிப் போகிறார்கள். மலை உச்சியிலிருந்து பார்த்தால் அழகுதான், நான் மறுக்கவில்லை. அந்த அழகான படத்தில் எப்போதும் ஒரு பெண் இருப்பாள். தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலாப் பதாகையிலும் சிரிப்பவள். நிஜத்தில் இடுப்பில் படங்கைக் கட்டி, மழையில் அட்டை ஏற, நிறுவைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள்.

இங்கேயும் போட்டி உண்டு. சில தோட்டக் கம்பனிகள் சிறந்த கொழுந்து பறிப்பவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி நடத்துகின்றன. குறித்த நேரத்துக்குள் பறித்ததை நிறுப்பார்கள், பிறகு கையால் அளைந்து, முற்றின இலை கலந்திருக்கிறதா, இரண்டு இலையும் ஒரு மொட்டும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வென்றவளுக்கு மாலை, பரிசு, சில இடங்களில் தலையில் கிரீடமும் வைப்பார்கள். கல்யாணம் எந்தச் சட்டத்தில் பதிந்தது என்று யாரும் கேட்பதில்லை. பரிசு வாங்கியவளின் மறுநாள் சம்பளம் மற்றவர்களுடையதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேட்ட சகோதரிகளுக்காக இதையும் எழுதுகிறேன். விவாகரத்து எடுக்காமலேயே, கைவிட்டுப்போன கணவனிடம் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் தாபரிப்புப் பணம் கேட்கலாம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க தாபரிப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. நீதவான் நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு சட்டத்தரணியை ஏற்படுத்தித் தரும். கண்டியிலும் அதற்கு அலுவலகம் உண்டு. விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, கணவன் வேலை செய்யும் இடத்தின் விலாசம் தெரிந்தால் அதையும் எடுத்துப் போங்கள். விவாகம் பதியப்படவில்லை என்றாலும் பிள்ளைக்காகக் கேட்க முடியும், அதனால் தயங்க வேண்டாம். பின்னேரம் போனால் 'நாளைக்கு வாங்க' என்பார்கள். விடிய முதல் பஸ்ஸிலேயே இறங்கிவிடுங்கள்.