பட்கொஸ்

தென்னாப்பிரிக்காவில் பேசும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘பட்’ என்றால் பாதை, ‘கொஸ்’ என்றால் உணவு. பட்கொஸ்: பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாடு. நம் இலக்கணப்படி உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ‘பாதைக்கு வேண்டிய உணவு’ என்பதில் நடுவில் உள்ளதெல்லாம் மறைந்து நிற்கிறது.

*

பழமொழி நானூற்றில் ‘ஆற்றுணா’ என்றொரு சொல் உண்டு. ஆறு என்றால் வழி, உணா என்றால் உணவு. அதே இரண்டு சொல், அதே வரிசை. கட்டுச்சோறு நம் வாயில் தங்கிவிட்டது, ஆற்றுணா பழைய நூல்களோடு நின்றுவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

*

1652இல் டச்சுக் கம்பெனிக்காரர்கள் கேப் முனையில் குடியேறியபோது அவர்கள் வாயில் இருந்தது ‘கொஸ்ட்’. அவர்கள் பேசிய டச்சு ஆப்பிரிக்கான்ஸாக மாறியபோது, சொல்லின் கடைசியில் ஸகரத்தை ஒட்டி நின்ற ட் உதிர்ந்தது. செலவைக் குறிக்கும் ‘கொஸ்டெ’யும் அதே வேரில் வந்ததுதான். பின்னால் ஓர் உயிரொலி காவல் இருந்ததால் அங்கே மட்டும் ட் பிழைத்துக்கொண்டது. ஒரே வேர், ஓரெழுத்து வித்தியாசத்தில் சோறும் செலவுமாகப் பிரிந்துவிட்டது!

*

‘பட்’ டச்சில் சிறு பாதை. பெரிய சாலைக்கு வேறு சொல். ஆப்பிரிக்கான்ஸிலோ தேசிய நெடுஞ்சாலையும் பட்தான். மாட்டுவண்டித் தடமே நெடுங்காலம் சாலையாக இருந்த நாட்டுக்கு இது பொருந்துகிறது.

*

பொட்டலத்தில் என்ன இருக்கும்? அவித்த முட்டை, கோழிக்கால், இறைச்சி உருண்டை, ஃப்ளாஸ்கில் காபி. வினிகரும் உப்பும் கொத்தமல்லி விதையும் தடவி உலர்த்திய பில்டாங். இதுவும் தொகைதான்: ‘பில்’ பின்தொடை, ‘டாங்’ நாக்கு. நாக்குப் போல நீளமாக அரிந்த தொடைக்கறி.

*

பட்கொஸ் என்ற சொல்லுக்குப் பொருள் எழுதுகிறவர்கள் பயணத்தின் மகிழ்ச்சியோடு நிறுத்திவிடக் கூடாது. 1953இல் வந்த தனி வசதிகள் சட்டம், பொது இடங்களை இனவாரியாகப் பிரிக்க இடம் கொடுத்தது. ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று பலகை தொங்கிய உணவகத்தில் கறுப்பினக் குடும்பம் உட்கார முடியாது. 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்த தமிழர்களின் வழிவந்தவர்களும் உட்கார முடியாது. குழந்தை பசிக்கிறது என்று அழுதால் மடியில் இருக்கும் பொட்டலம்தான் கதி. அங்கே ‘வேண்டிய உணவு’ என்பதில் ‘வேண்டிய’ என்ற சொல்லுக்கு முழுக் கனமும் உண்டு.

*

அந்தச் சட்டம் 1990இல் நீங்கியது. பட்கொஸ் கட்டும் பழக்கம் நீங்கவில்லை. தென்னாப்பிரிக்க ஆங்கிலத்திலும் சொல் அப்படியே புழங்குகிறது. நெடுஞ்சாலை ஓரங்களில், மரத்தடியில், வண்டியை நிறுத்திப் பொட்டலம் பிரிக்கவென்றே கான்கிரீட் மேசைகள் போட்டிருக்கிறார்கள்.