கடலோரமாக ஒன்றரை நாள்

எங்களுக்குத் திருமணமாகி 24 வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவர் மட்டுமாக வெளியூர் போய் ஓர் இரவு தங்கியதே இல்லை என்றால் நம்புவீர்களா? குலதெய்வம் கோயிலுக்குப் போனாலும் வேன் நிறைய ஆட்கள். அப்புறம் பையன் படிப்பு, நாத்தனார் பிரசவம் என்று காலம் ஓடிவிட்டது. நாலு வருஷமாக மாமியார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. அவரை விட்டுவிட்டு எங்கே நகர்வது?

போன மாசி மாதம் நாத்தனார் வந்திருந்தபோது, "அண்ணி, சனி ஞாயிறு ரெண்டு நாள் அம்மாவை நான் பார்த்துக்கறேன். நீங்களும் அண்ணனும் எங்கேயாவது போயிட்டு வாங்க. ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸுக்கு மட்டும் நான் கிளம்பியாகணும்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இவருக்குக் கடல் பிடிக்கும். எங்கள் பழைய சின்னக் கார் இருக்கிறது. குரோம்பேட்டையிலிருந்து சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, புதுச்சேரி வரை போய்த் திரும்புவது என்று முடிவாயிற்று. சென்னையிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். நிற்காமல் போனால் மூன்று மணி நேரப் பயணம்தான்.

ஆனால் நான் நிற்காமல் போகிறவளா? பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பார்க்கவேண்டிய இடங்களை எழுதினேன். முட்டுக்காடு படகுத்துறை, தட்சிணசித்ரா, முதலைப் பண்ணை, புலிக்குகை, மாமல்லபுரத்தில் மூன்று இடம், சதுரங்கப்பட்டினம் கோட்டை, முதலியார்குப்பம், ஆலம்பரைக் கோட்டை, மரக்காணம் உப்பளம், புதுச்சேரிக் கடற்கரை, மியூசியம், அரிக்கமேடு. எண்ணிப் பார்த்தால் பதினாலு!

"இவ்வளவும் ஒண்ணரை நாளிலா?" என்றார் இவர்.

"இதை விட்டா இனிமே எப்போங்க?" என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, சூரியன் எழும் நேரத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் இருந்தோம். ராஜசிம்ம பல்லவன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில் எழுந்த கோயில். கிழக்குப் பார்த்த விமானத்தின் மேல் முதல் வெயில் விழுந்து, கறுத்த கல் மெல்ல மெல்லப் பொன்னிறமாகும் அழகைச் சொல்லி முடியாது. இவர் புல்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானோ கடிகாரத்தைப் பார்த்து, "எழுந்திருங்க, அர்ச்சுனன் தபசு இருக்கு, ஐந்து ரதம் இருக்கு" என்று கிளப்பினேன்.

இவருக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. ஏழு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். இட்லி டப்பா காரில் இருந்தது. "சதுரங்கப்பட்டினத்தையும் பார்த்துட்டு நிம்மதியா சாப்பிடலாமே" என்று சொன்னவள் நான்தான். கல்பாக்கத்துக்குப் பக்கத்திலுள்ள இந்த ஊரில், துணி வியாபாரத்துக்காக வந்த டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை இருக்கிறது. உள்ளே அவர்களுடைய கல்லறைகளில் அருமையான எழுத்து வேலைப்பாடு உண்டு. அதை நான் ரசித்துக்கொண்டிருந்தபோது மணி ஒன்பதேகால். திரும்பிப் பார்த்தால், இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நெற்றியெல்லாம் வேர்வை. கை நடுங்குகிறது. "ஒண்ணுமில்ல, வண்டிக்குப் போகலாம்" என்கிறார், நாக்கு குழறுகிறது.

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. நல்லவேளை, பிளாஸ்க் காபிக்காகச் சர்க்கரை எடுத்துப் போயிருந்தேன். அவரை நிழலில் உட்காரவைத்து, நாலு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கால் மணியில் முகம் தெளிந்தது. பிறகு இட்லி சாப்பிட வைத்தேன். நன்றாகத் தெளிந்த பிறகும் முக்கால் மணி நேரம் ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை. இதே மயக்கம் வண்டி ஓடும்போது வந்திருந்தால்? இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

"கோயில்ல இன்னும் கொஞ்ச நேரம் உட்காரணும்னு இருந்தது. நீ நோட்டையே பார்த்துக்கிட்டிருந்தே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுருக்கென்று தைத்தது.

பென்சிலை எடுத்தேன். மிச்சமிருந்த பத்தில் ஏழை அடித்தேன். ஆலம்பரை, மரக்காணம், புதுச்சேரிக் கடற்கரை, இந்த மூன்று போதும்.

ஒன்றைச் சொல்லவேண்டும். பெயர்தான் கடற்கரைச் சாலை. வண்டியில் உட்கார்ந்தபடியே கடலைப் பார்க்கலாம் என்று எண்ணிப் போனால் ஏமாற்றமே. சவுக்குத் தோப்பும் விடுதிகளின் மதிலும் மறைத்துக்கொள்கின்றன. பாலாற்றுப் பாலம், காயல் பாலம் என்று அங்கங்கே கண் திறக்கும், அவ்வளவுதான். கடல் வேண்டுமானால் சாலையை விட்டுத் திரும்பி, இறங்கி, உட்கார வேண்டும். அதற்கு நேரம் வேண்டுமே!

கடப்பாக்கத்தில் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 1750-ல் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேக்குப் பரிசாகக் கிடைத்த கோட்டை இது. பத்தே வருஷத்தில், 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துவிட்டார்கள். இப்போது மிஞ்சியிருப்பது செங்கல் சுவர்களின் மிச்சமும் நாணல் புதரும்தான். கோட்டைக்கு முன்னால் காயல், அதற்கப்பால் மணல் திட்டு, அதற்கும் அப்பால் கடல். மீனவர்களின் படகுகள் போய்வந்துகொண்டிருந்தன. குடையை விரித்துக்கொண்டு சுவர் நிழலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

வெகுநேரம் கழித்து இவர், "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அம்மாவை நீதான் பார்க்கணும். இப்பவும் நீதான் பார்க்கறே. அதனால அதைக் கேட்கவே எனக்கு வெட்கமா இருக்கு" என்றார். நாலு வருஷமாக மனசில் வைத்திருந்திருக்கிறார். வீட்டில் இந்தப் பேச்சுக்கு எங்கே இடம்? நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளரிப் பிஞ்சை நறுக்கிக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சிரித்தார்.

மரக்காணத்தில் பாத்தி பாத்தியாக உப்பளம், கண் கூசும் வெள்ளைக் குவியல்கள். ஒரு கிலோ கல் உப்பு வாங்கினேன். புதுச்சேரியில் மத்தியானம் நன்றாக ஓய்வு. மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். கறுப்புப் பாறைகளில் அலை மோதுவதைப் பார்த்தபடி, காந்தி சிலையிலிருந்து பழைய கலங்கரை விளக்கம் பக்கமாக நிதானமாக நடந்தோம். காலையிலும் அதே நடை. மறுபடி பார்த்த இடம்தான், ஆனால் அலுக்கவே இல்லை.

தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம், அதாவது என் பக்கம். திரும்பும்போது அவர் பக்கம். ஓட்டுகிறவர் வேடிக்கை பார்க்க முடியுமா? அதனால் முதலியார்குப்பம் காயல் கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அவர் பங்குக் கடலை அவருக்குக் கொடுத்தேன்!

சகோதரிகளே, நீங்களும் இப்படிக் கிளம்புவதாக இருந்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை:

1. நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கவேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். அதில் பயண நேரம், சாப்பாடு, ஓய்வு எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்களுடையது. அரை நாளுக்கு ஒன்றிரண்டு இடம் தாராளம்.

2. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாத்திரையும் உணவும் சேர்ந்தே போகவேண்டும். டாக்டர் சொன்ன நேரம் ஊர் மாறினாலும் மாறக்கூடாது. சர்க்கரையோ குளுக்கோஸோ காரிலேயே விட்டுவிடாமல் கைப்பையில் இருக்கட்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிதான்.

3. வழியில் வசதி கிடைக்காதே என்று பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோம். அது நல்லதல்ல. சாப்பிட நிற்கும் ஓட்டலிலேயே தேவையை முடித்துக்கொள்ளுங்கள்.

4. விடுமுறை நாளைப் பாருங்கள். முதலைப் பண்ணைக்குத் திங்கள், தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய், புதுச்சேரி மியூசியத்துக்குத் திங்கள்.

5. இந்தக் கரையில் அலையின் இழுப்பு அதிகம். கால் நனைத்தால் போதும், குளிக்க இறங்கவேண்டாம்.

ஞாயிறு இரண்டு மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். நாத்தனார் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டே கிளம்பினாள். அத்தையின் கட்டிலருகே உட்கார்ந்தேன். குழறும் நாக்கால், "என்ன... கொண்டாந்தே?" என்று கேட்டார். அவருக்கு ரத்தக் கொதிப்பு, உப்பைக் குறைக்கவேண்டும். ஆனாலும் மரக்காணத்து உப்பில் ஒரே ஒரு கல்லை எடுத்து நாக்கு நுனியில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சுவைத்தார்.

"கடலு" என்றார்.

இவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.