கங்கா இல்லாத சந்திரமுகி

மழை பொய்ப்பது நம் கரிசல் மண்ணுக்குப் புதிதன்று. ஆயினும் நம்பி விதைத்தது முளைக்காதபோது மனம் நோகவே செய்கிறது. 2023 செப்டம்பரில் வெளிவந்த ‘சந்திரமுகி 2’ நமக்குத் தந்த ஏமாற்றமும் அத்தகையதே.

2005 ஏப்ரல் 14 அன்று வெளியான முதற்படத்தை அருப்புக்கோட்டையில் பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை குடும்பமாய்ச் சென்று கண்டோம். திருச்சுழிப் பக்கத்து உறவினரும் பேருந்தேறி வந்து சேர்ந்துகொண்டனர். வடிவேலு அஞ்சி நடுங்க, நாம் வயிறு குலுங்கச் சிரித்தோம். சென்னை சாந்தி திரையரங்கில் அப்படம் 800 நாள்களுக்கும் மேல் ஓடியது.

சிரிப்பினும் மேலான ஒன்றையும் அது நமக்குத் தந்தது. கங்காவைப் பற்றியிருப்பது பேயன்று, மனநோய் என்று அப்படம் சொன்னது. மருத்துவர் சரவணன் அவளை அடிக்கவில்லை; கட்டிப்போடவில்லை; நோயின் காரணத்தைத் தேடினார். கணவன் செந்தில் அவளைக் கைவிடவில்லை.

இஃது எளிய செய்தியன்று. நம் அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தின் ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6 அன்று, காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில் மனநோயாளர் 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் தப்பியோட இயலவில்லை. நம் சிற்றூர்களிலும், உறக்கமின்றித் தனக்குத்தானே பேசும் பெண்ணை முதலில் வேப்பிலை அடிக்கத்தானே அழைத்துச் சென்றனர்! படம் பார்த்துத் திரும்பிய தாய் ஒருத்தி, “நம்ம பிள்ளைக்கும் கங்காவுக்கு வந்தது மாதிரிதான் இருக்குமோ?” என்று கேட்டது நம் நினைவில் நிற்கிறது. அவ்வீட்டார் பின்னர் மதுரைக்குச் சென்று மருத்துவரைக் கண்டனர்.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதே இயக்குநர் பி. வாசு, அதே அரண்மனை, அதே வடிவேலு. ஆனால் சரவணனும் இல்லை, கங்காவும் இல்லை. பேய் மெய்யாகவே வந்து ஆடுகிறது. ராகவா லாரன்சும் கங்கனா ரனாவத்தும் உழைத்திருக்கின்றனர். ஒப்பனையிலும் ஆடையிலும் குறையில்லை. எனினும், நோயுற்ற ஒரு பெண்ணைக் குடும்பம் எவ்வாறு மீட்டது என்ற கதையின் உயிர் அதில் இல்லை. பேய் இல்லை என்று நமக்குச் சொன்ன கதையே, உண்டு என்று திரும்பிச் சொல்வதைக் காண வருத்தமாயிருக்கிறது.

மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துள்ளது. வீட்டினுள் இருக்கும் அச்சத்தை அகற்ற வேண்டியவர்கள் நாம்தாம். இரண்டாம் பாகத்தைக் கண்ட நம் பிள்ளைகளுக்கு முதற்பாகத்தையும் காட்டுவோம். கங்காவுக்கு என்ன நேர்ந்தது என்று அவர்கள் கேட்டால், உடனிருந்து விளக்குவோம்.