நான் உயிரோடு இருக்கிறேன்!

நவம்பர் மாதம் சென்னைக்கு மழை வரும். என் அப்பாவுக்கு பாங்க் போகிற நாள் வரும். ஏ.ஜி. ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்து ரிடையர் ஆனவர் அவர். மத்திய அரசு பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் நவம்பரில் 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். 2014-லிருந்து விரல் ரேகை வைத்து வீட்டிலிருந்தபடியே இதை முடித்துக்கொள்ள வசதி உண்டு. அப்பா கேட்க மாட்டார்.

"நான் இருக்கேன்கறதை மெஷின்கிட்ட எதுக்குடா சொல்லணும்? மனுஷன்கிட்ட சொல்லிட்டு வரேன்."

வீடு மந்தைவெளியில். பாங்க் அடையாறில். அங்கே குடியிருந்த காலத்துக் கணக்கு, மாற்றவே இல்லை. ஆக, வருஷத்துக்கு ஒரு தடவை அப்பா என் பைக்கின் பின் சீட்டில், மடியில் ஃபைலும் கையில் குடையுமாக ஏறி உட்காருவார்.

போன வருஷம் அந்த சர்டிபிகேட்டுக்கே அவசியம் இல்லாமல் செய்யப் பார்த்தேன். எல்லாம் ஒரு 900 ரூபாய்க்காக!

என் பைக்குக்கு செயின் மூடி கிடையாது. 1985-லேயே ஹீரோ ஹோண்டா சி.டி.100 முழுசாக செயினை மூடித்தான் வந்தது. எனக்கு அந்த மாதிரி வண்டி வேண்டாம் என்று தோன்றியது. செயின் பளபளவென்று வெளியே தெரிந்தால்தானே வாலிபம்? முப்பது வயதுக்கு மேல் வாலிபத்தை நிரூபிக்க அதுதான் ஒரே சர்டிபிகேட். சாயந்தரம் பெசன்ட் நகர் பீச், மணலும் உப்புக் காற்றும். பகலில் மெட்ரோவுக்காகத் தோண்டிய லஸ், மந்தைவெளிச் சேறு. தி.நகரில் பனகல் பார்க்கைச் சுற்றி முதல் கியரிலேயே ஊர்வலம். ஞாயிற்றுக்கிழமை வாட்டர் சர்வீஸில் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் வீட்டுக்கு வருவேன்.

16,000 கிலோமீட்டரில் செயின் தொங்கிவிட்டது. எங்கள் தெரு முனை மெக்கானிக் பாய் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒழுங்கா பாத்திருந்தா இருபதாயிரம் தாண்டியிருக்கும் சார். சரி, செயின் பாக்கெட் செட்டா மாத்திரலாம்."

ஸ்ப்ராக்கெட் என்பதைத்தான் அவர் பாக்கெட் என்கிறார். காலியாவது நம் பாக்கெட் என்பதால் நான் திருத்தவில்லை.

செட் என்றால் செயின், முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம். மூன்றும் சேர்த்து 1,600 ரூபாய். செயின் மட்டும் என்றால் 700. நான் பி.காம். கெட்டுப்போனது செயின்; அதை மாற்றினால் போதாதா? சக்கரம் இரண்டும் இரும்பு, சும்மா சுற்றுகிறது, அதற்கென்ன கேடு?

"செயின் மட்டும் போடுங்க பாய்."

"பழைய பல்லுல புது செயினா? ஆறு மாசம் தாங்காது சார். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

'வியாபாரத் தந்திரம்' என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு, 900 ரூபாய் மிச்சம் பண்ணிய பெருமையுடன் அன்று ராத்திரி மனைவியை ஹோட்டலுக்கு அழைத்துப் போனேன். அங்கே பில் 860.

மூன்றாவது மாதம் 'கிர்ர்... கிர்ர்' என்று சத்தம். பாயிடம் போக கௌரவம் இடம் தரவில்லை. நானே ஸ்பானரை எடுத்தேன். வலது பக்க நட்டு மூன்று சுற்று, இடது பக்கம் இரண்டு, கை வலித்துவிட்டது. மார்கழிக் கச்சேரிக்குச் சுருதி சேர்த்த தம்புரா மாதிரி செயின் விண்ணென்று நின்றது. சத்தமும் நின்றது. எனக்குள் ஒரு இன்ஜினீயர் இத்தனை நாள் தூங்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் தூங்கியே இருந்திருக்கலாம்.

நாலு வாரம் கழித்து, நவம்பர். தூறல். திரு.வி.க. பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தோம். ஒரு சின்னப் பள்ளம். 'டடக்!' பின் சக்கரத்தை யாரோ கையால் பிடித்து இழுத்த மாதிரி வண்டி முரண்டு பிடித்து, குறுக்கே திரும்பி, சாய்ந்தது. பின்னால் வந்த பஸ் நாலடி தூரத்தில் பிரேக் போட்டு நின்றது. அந்த பிரேக் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நல்லவேளை, நெரிசல், முப்பது கிலோமீட்டர் வேகம்கூட இல்லை. சென்னை டிராஃபிக்கை நான் கையெடுத்துக் கும்பிட்டது அந்த ஒரு நாள்தான்.

அப்பா பாலத்தின் ஓரத்தில் ஒரு முழங்காலில் உட்கார்ந்திருந்தார். வேட்டியில் சேறு, கொஞ்சம் ரத்தம். ஃபைலை மட்டும் நனையாமல் மார்போடு பிடித்திருந்தார். என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ஆட்டோ பிடி. பாங்க் மூடிடுவான்."

பாங்கில் கையெழுத்துப் போடும்போது அவர் கை லேசாக நடுங்கியது. திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்: "அம்மாகிட்ட சொல்லாதே."

மறுநாள் பாய் செயினைக் கழற்றி, முன் ஸ்ப்ராக்கெட்டை என் உள்ளங்கையில் வைத்தார். பல் ஒவ்வொன்றும் நிமிர்ந்து நிற்காமல், தூண்டில் கொக்கி மாதிரி ஒரு பக்கமாக வளைந்து இருந்தது. பிறகு எனக்கு ஒரு மணி நேரம் வகுப்பு நடந்தது. அதைச் சுருக்கித் தருகிறேன். உங்கள் வீட்டிலும் அப்பா இருப்பார்.

1880-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் செய்த செயினின் வம்சம்தான், இன்று அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் தயாராகி நம் பைக்கில் ஓடுவது. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதன் மேல் உருளை. செயின் 'நீண்டுவிட்டது' என்கிறோமே, இரும்பு ரப்பர் மாதிரி நீளுவதில்லை. எண்ணெய் இல்லாமல், மணலும் சேறும் புகுந்து, பின்னும் புஷ்ஷும் ஒன்றையொன்று அரைத்துக்கொள்கின்றன. மூட்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் தேய்ந்தது என்று வையுங்கள். 120 மூட்டுக்கு 12 மில்லிமீட்டர்! நம்முடைய சாதாரண பைக் செயினில் ஒரு கண்ணியின் அளவே 12.7 மில்லிமீட்டர்தான்.

நீண்ட செயின் பல்லின் அடியில் உட்காராமல் நுனிப் பக்கம் ஏறி ஓடும். பல்லை வளைத்துத் தன் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். இப்போது அந்த வளைந்த பல்லில் புதுச் செயினை மாட்டினால்? அளவு பொருந்தாது. எல்லாப் பல்லும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய சுமை ஒன்றிரண்டு பல் மேல் விழும். பழைய பல், புதுச் செயினையும் தன்னைப் போலவே ஆக்கிவிடும். அதிலும் முன் சக்கரம் சின்னது. பின் சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் அது மூன்று சுற்று சுற்றுகிறது. முதலில் சாவது அதுதான்.

"அது சரி பாய், நான் டைட் பண்ணேனே?"

"அதான் சார் கொன்னுச்சு!"

செயினுக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தொய்வு வேண்டுமாம். சரியான அளவு வண்டியோடு தந்த புத்தகத்தில் இருக்கும். (புத்தகத்தை நான் ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே எடுப்பேன்.) பின்னால் ஆள் உட்கார்ந்தால் ஸ்விங் ஆர்ம் மேலேறி செயின் இன்னும் இறுகும். வெறும் வண்டியில் தம்புராவாக இருந்தது, அப்பா ஏறியதும் அறுந்துவிடுகிற தந்தி ஆகிவிடும். அந்த இறுக்கத்திலேயே ஓடி, நாலே வாரத்தில் செயின் மறுபடி தேய்ந்து தொங்கிவிட்டது. போதாததற்கு வலது மூன்று, இடது இரண்டு! சக்கரமே கோணல். இரண்டு பக்கமும் கோடு போட்டிருக்கிறான். ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கோணல் சக்கரம், கொக்கிப் பல், தொங்கும் செயின்... பள்ளம் மட்டும்தான் பாக்கி இருந்தது. அதை ரோடு தந்துவிட்டது.

செட்டாக மாற்றினேன். ராத்திரி அப்பா ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். ஆடிட் அப்ஜெக்‌ஷன்!

'மிச்சம் என்று காட்டியது: 900. வீணான செயின்: 700. ஆட்டோ: 340. பிளாஸ்திரி, மருந்து: 60. ஆக நஷ்டம்: 1,100.'

அதற்குக் கீழே இன்னொரு வரி. 'பின் சீட்டில் இருந்தவர்:' என்று எழுதி, தொகை போட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருந்தார்.

பி.காமில் தேய்மானம் பற்றி இருபது மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். அந்தக் காலி இடத்தை எப்படி நிரப்புவது என்று எந்தப் பேராசிரியரும் சொல்லித் தரவில்லை.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு செயின் பூஜை. இன்ஜினை அணைத்துவிட்டு (ஓடும்போது துடைத்து விரலை இழந்தவர்கள் உண்டு), கெரசின் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, 90-ம் நம்பர் கியர் ஆயிலை மூட்டு மூட்டாக விடுகிறேன். மழையில் நனைந்தால் அன்றைக்கே. பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம். அதில் இரும்புத் துகள் இருக்கும். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசியில் செயினைப் பிடித்து வெளியே இழுத்துப் பார்க்கிறேன். பாதிப் பல் தெரிந்தால் பாயிடம் ஓட வேண்டும். செயினை இணைக்கிற கிளிப் மீன் மாதிரி இருக்கும். செயின் ஓடுகிற திசையில் தலை, பின்னால் வால். இதுவும் பாய் பாடம்தான்.

இந்த நவம்பரில் 'ஆட்டோவில் போகலாம்ப்பா' என்றேன். அப்பா கேட்கவில்லை. வண்டி பக்கத்தில் குனிந்து, குடை நுனியால் செயினைக் கீழேயிருந்து தூக்கிப் பார்த்தார். "இருக்கு, ரெண்டரை சென்டிமீட்டர்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். பாலத்தைத் தாண்டும்போது மட்டும் அவர் கை என் தோளைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தது. நான் கவனிக்காத மாதிரி ஓட்டினேன்.

பாங்கில் அந்த ஆபீஸர் பெண் சிரித்துக்கொண்டே கேட்டார்: "எப்படி இருக்கீங்க சார்? உடம்பெல்லாம் சௌக்கியமா?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என்னை ஏம்மா கேக்கறே? அதோ நிக்கறானே, அவனைக் கேளு. போன வாரம் செயினுக்கு எண்ணெய் போட்டானான்னு!"