திருக்காவலூர் வேதியர்கள்

ஓர் ஊரின் பெருமையை அவ்வூர் ஈன்ற சான்றோரைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். ஏலாக்குறிச்சிக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. இன்று அரியலூர் மாவட்டத்திலும் நமது குடந்தை மறைமாவட்டத்திலும் அடங்கிய இச்சிற்றூர், வந்தவர்களால் வளர்ந்த ஊர்.

கொள்ளிடத்தின் தென்கரையில் தஞ்சை மராத்தியரின் ஆட்சி. வடகரையில் அரியலூர் மழவராயர்களின் பாளையம். 1701-இல் தஞ்சை நாட்டில் கிறிஸ்தவர்கள் மீது கொடிய வேதகலாபனை மூண்டது. அத்தகைய காலங்களில் ஆற்றைக் கடந்தால் உயிர் பிழைக்கலாம். இங்குள்ள அன்னைக்கு அடைக்கல மாதா என்ற பெயர் எத்தனை பொருத்தம்!

வீரமாமுனிவர் பிறந்தது 1680-இல், இத்தாலியின் காஸ்திலியோனேயில். புனித ஞானப்பிரகாசியார் பிறந்த அதே ஊரில். ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் எனப் பாடியவர் அவரே. மழவராயர் ஒருவரின் ராஜபிளவையை அவர் குணப்படுத்தியதால் இந்நிலம் கொடையாகக் கிடைத்தது என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி.

தேம்பாவணியின் 3615 பாடல்களை நாம் மேடைதோறும் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். 1968-இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலையும் எழுந்தது. ஆனால் மேடைகளில் அதிகம் பேசப்படாத அவரது உரைநடை நூல் ஒன்றுண்டு: 'வேதியர் ஒழுக்கம்'. காவியம் புலவர்க்கு, இந்நூலோ ஊர் ஊராக நடந்து செபம் சொல்லிக் கொடுத்த, நோயாளியின் படுக்கையருகே அமர்ந்த, குருவானவர் வர இயலாத வேளைகளில் ஞானஸ்நானம் அளித்த எளிய உபதேசியார்களுக்கு. அவர்களுக்கென முனிவர் இங்கே ஒரு பயிற்சிப் பள்ளியும் நடத்தினார். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் அவர் வடிவ வேறுபாடு வகுத்ததை இலக்கணப் பணி என்றே நாம் படித்திருக்கிறோம். ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும். புள்ளியில்லாவிட்டால் குறிலா நெடிலா என்று தெரியாது. மக்கள் முன் ஏட்டை வாசிக்க வேண்டிய வேதியருக்கு அது எத்தனை பெரிய உதவி!

முனிவர் 1747-இல் கேரளத்து அம்பழக்காட்டில் மறைந்தார். 1759-இல் போர்த்துக்கல் அரசு தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து சேசு சபையை வெளியேற்றியது. 1773-இல் சபையே கலைக்கப்பட்டது. மதுரை மிஷனுக்குச் சேசு சபையார் திரும்பி வந்தது 1838-இல்தான். இடையில் ஏறத்தாழ மூன்று தலைமுறை. கோவையிலிருந்து அல்ல, தொலைதூரக் கோவாவிலிருந்து வந்த குருமார் சிலரே. அவர்கள் ஓர் ஊரை எட்டிப் பார்க்கப் பல மாதங்கள் ஆகும். அந்த நாள்களிலும் பிள்ளைகள் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொண்டார்கள். இறந்தோர் செபத்தோடு அடக்கம் செய்யப்பட்டார்கள். அவற்றைச் செய்த வேதியர்களுக்கு எந்தக் கடற்கரையிலும் சிலையில்லை. நம் பங்குகளில் வயது முதிர்ந்த உபதேசியார் எவரேனும் இன்னும் இருந்தால், திருவிழாக் கூட்டத்தில் அவருக்கு நாம் போடும் நாற்காலி எந்த வரிசையில் இருக்கிறது?